டேப்புக்குள் இரண்டு விரல்

அந்தத் தையல் கூடத்தில் அவளை எல்லோரும் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். வயது முப்பத்தேழு. அதில் பத்தொன்பது வருஷம் கத்திரிக்கோல் பிடித்தே போனது. கட்டைவிரல் அடியில் ஒரு காய்ப்பு, கல் மாதிரி. வீட்டில் அவள் அக்கா. இந்தக் கதையிலும் அக்கா என்றே இருக்கட்டும். கதை அவள் தம்பியைப் பற்றியது.

கூடத்தில் தைப்பதெல்லாம் சீருடை. ஆஸ்பத்திரி ஆட்களுக்கு, பஸ் ஓட்டுநர்களுக்கு, காவலாளிகளுக்கு. சுவரில் இரண்டு அளவு அட்டைகள் தொங்கும். ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு. சின்னது, நடுத்தரம், பெரியது என்று எல்லாம் அதிலேயே இருக்கும். அட்டையைப் பார்த்து வெட்டினால் வேலை பறக்கும். தீயணைப்பு நிலையத்துக்கு மட்டும் அட்டை ஆகாது. அங்கே ஆளை நிறுத்தி அளவெடுக்க வேண்டும். நெருப்புக்குள் போகிறவன் அக்குள் பிடிக்கிறது, தொடை இறுக்குகிறது என்று நின்று யோசிக்க முடியுமா? அந்த அளவுகளை எடுப்பது அக்கா மட்டும்தான். கூடத்தில் வேறு யார் டேப்பையும் நிலையத்துக்காரர்கள் நம்புவதில்லை.

அக்காவுக்கு எழுத்தும் எண்ணும் வந்தது முப்பத்தொன்றாவது வயதில், சாயங்கால வகுப்பில். அதற்கு முன்னால் அவள் அளவுகளை எழுதியதில்லை, வெட்டினாள். ஆளுக்கு ஒரு பழுப்புக் காகித நாடா. உடம்பில் டேப்பை வைத்து, அந்த நீளத்துக்கு நாடாவில் ஓரத்தை நறுக்குவாள். கழுத்துக்கு ஒரு நறுக்கு, மார்புக்கு இரண்டு, இடுப்புக்கு மூன்று, அதற்குக் கீழே பின்புறச் சுற்றுக்கு நான்கு. எழுத்து வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை அவள் விடவில்லை. எழுதினதைத் தப்பாகப் படிக்கலாம், வெட்டினதை யாரும் தப்பாகப் படிக்க முடியாது என்பது அவள் கட்சி.

தம்பிக்குப் பெயர் சுண்டு. பிறந்தபோது சுண்டுவிரல் அளவுக்கு இருந்ததால் வைத்தது. அப்போது தங்கை என்று சொல்லித்தான் ஒன்பது வயது அக்காவின் கையில் கொடுத்தார்கள். இருபத்தாறு வயதில் ஒருநாள் சுண்டு வந்து எதிரில் உட்கார்ந்து, "அக்கா, நான் தங்கச்சி இல்ல. என்னைக்குமே இல்ல. உனக்குத் தெரியாம இருந்திருக்காது" என்றான். தெரியாமல் இல்லை. பத்து வயதில் தனக்குத் தைத்த பாவாடையை நடுவில் வெட்டி, கால்சட்டை ஆக்கித் தா என்று கொண்டுவந்த குழந்தை அது. ஆனால் தெரிவது வேறு, நாக்கு திரும்புவது வேறு. அக்கா கூடத்தில் மிஷின் மிதிக்கும்போது ஒவ்வொரு தையலுக்கும் "தம்பி, தம்பி, தம்பி" என்று வாய்க்குள் சொல்லிப் பழகினாள். ஒரு வாரத்தில் நாக்கு வழிக்கு வந்தது. அம்மாவுக்கு இன்னும் வரவில்லை. அம்மா சாமர்த்தியசாலி. தம்பி என்றும் சொல்லாமல் தங்கை என்றும் சொல்லாமல் "சுண்டு" என்றே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஆண் ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்துப் பதினான்கு மாதம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் தேய்த்த கையோடு, தண்ணீர்கூடக் குடிக்காமல் சுண்டு வந்து நிற்பான். அக்கா ஒரு நாடா வெட்டுவாள். அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் பதினான்கு நாடாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. முதலாவதையும் கடைசியையும் சேர்த்துப் பிடித்தால் இரண்டு பேருடையது என்றுதான் சொல்வார்கள். கழுத்து நறுக்கு வெளியே தள்ளியிருந்தது. நான்காவது நறுக்கு உள்ளே வந்திருந்தது. ஏழாவது மாதம் பழைய சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட முடியாமல் போனபோது, "மூச்சு முட்டுதுக்கா!" என்று பரிசு வாங்கினவன் மாதிரி கத்திக்கொண்டு வந்தான்.

அந்தச் சுண்டுதான் தீயணைப்பு நிலையத்துக்கு மனு போட்டிருந்தான். ஓட்டத்தில் தேறினான். ஏணியில் தேறினான். எண்பது கிலோ பொம்மையைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்பது அடி நடக்க வேண்டும்; அதிலும் தேறினான். பாக்கி இருந்தது மருத்துவச் சோதனை. அதில் ஒரு விதி: உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு இருபத்துநாலுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே கணக்கு. அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது அவனுக்கு வயது தாண்டிவிடும். இந்தத் தடவை விட்டால் விட்டதுதான்.

கொழுப்பை எப்படி அளப்பது? கழுத்துச் சுற்று, இடுப்புச் சுற்று, உயரம் மூன்றையும் போட்டால் சுமாராக ஒரு கணக்கு சொல்கிற பக்கம் ஒன்று சுண்டுவின் போனில் இருந்தது. அளவெடுக்க வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வேறென்ன கவலை? அக்கா அளந்தாள். சுண்டு போட்டுப் பார்த்தான். இருபத்தாறு.

அன்றிலிருந்து அவன் தட்டு சுருங்கியது. காலையில் ஒரு முட்டை, மத்தியானம் காய், ராத்திரி தண்ணீர். இரண்டு வாரம் கழித்து அளந்தால் இருபத்தைந்தரை. அதற்கடுத்த வாரம் இருபத்தைந்து. அதற்கு மேல் இறங்க மாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டது அந்த எண். சுண்டுவோ நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தான். கன்னம் ஒட்டியது. பயிற்சிக்கு வைத்திருந்த மணல் மூட்டையை இருபது தடவை தூக்கியவன் எட்டோடு நிறுத்திச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

அம்மா அக்காவிடம் வந்து நின்றாள். "நீ அளக்க அளக்கத்தான்டி அது சாப்பிடாம கெடக்கு. அந்த டேப்பை எங்கயாவது ஒளிச்சு வையி."

"டேப் என்னம்மா பண்ணும்? அது உள்ளதைச் சொல்லுது."

"உள்ளதைச் சொல்லுதா? புள்ளை எலும்பும் தோலுமா நிக்குது. இன்னும் கொழுப்பு இருக்குன்னு சொல்ற டேப்புக்குத்தான் கொழுப்பு."

அக்காவுக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வருஷத்தில் அவள் அளவில் குற்றம் சொன்ன முதல் ஆள் அம்மாதான்.

மறுநாள் கூடத்தில் அவளுக்கு வேலை ஓடவில்லை. பக்கத்து மேஜையில் காஜாக்காரி உட்கார்ந்திருந்தாள். பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது அவள் வேலை, ஊர் வாயை அளப்பது அவள் பொழுதுபோக்கு. அக்காவுக்கு இருந்த ஒரே சிநேகிதி.

"என்னடி கத்திரி, முகம் கசக்கின துணி மாதிரி இருக்கு?"

அக்கா சொன்னாள். இருபத்தாறு, இருபத்தைந்தரை, இருபத்தைந்து என்று எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

"எப்படி அளக்கறே? எனக்கு அளந்து காட்டு பாப்போம்."

"உனக்கெதுக்கு?"

"என் கொழுப்பும் தெரியட்டுமே. என் வீட்டுக்காரரு தினம் சொல்றாரு, உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு. கணக்கா சொன்னா அவருக்கும் நிம்மதி."

கூடத்தில் நாலு பேர் சிரித்தார்கள். காஜாக்காரி எழுந்து கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அக்கா டேப்பைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து எண்ணைப் படிக்கக் குனிந்தாள். காஜாக்காரியும் குனிந்து பார்த்தாள்.

"ஏய், இது என்னடி உள்ள?"

"எது?"

"உன் விரலு! ரெண்டு விரலையும் டேப்புக்குள்ள நுழைச்சுக்கிட்டு அளக்கறியே. உன் விரலுக்கும் சேர்த்து எனக்கு இடுப்பு ஏத்துறியா?"

அக்கா தன் கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் டேப்புக்கும் காஜாக்காரி வயிற்றுக்கும் நடுவில், தங்கள் சொந்த வீட்டில் படுத்திருக்கிற மாதிரி சாவகாசமாக இருந்தன.

தையல்காரி என்றால் இடுப்புக்கு இரண்டு விரல் லூஸ் விடுவாள். உட்கார வேண்டும், குனிய வேண்டும், சாப்பிட்டால் வயிறு உப்பும். கழுத்தை மட்டும் அக்கா ஒட்டத்தான் பிடிப்பாள். கழுத்துப் பட்டிக்கு லூஸ் வெட்டும்போது தனியாக விடுவது கூடத்து வழக்கம். அப்படி ஆயிரக்கணக்கான இடுப்புகளுக்கு விட்ட விரல்கள் அவை. அவளைக் கேட்டா நுழைந்தன? அவள் தம்பியின் இடுப்பிலும் ஒவ்வொரு தடவையும் கூடவே நுழைந்திருக்கின்றன. துணிக்குச் சரி. கொழுப்புக்கு?

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "மூணு வாரம்டி. மூணு வாரமா என் விரலைக் கரைக்கறதுக்கு அவன் பட்டினி கிடந்திருக்கான்."

காஜாக்காரிக்கும் சிரிப்பு நின்றுபோனது. "சரி விடு. அழறதை வீட்டுக்குப் போயி சாப்பாடு போட்டுட்டு அழு."

அன்று சாயங்காலம் அக்கா வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "சுண்டு, சட்டையைத் தூக்கு" என்றாள். விரலை எடுத்துவிட்டு, மூச்சை விடச் சொல்லி, டேப்பைத் தோலில் படிய வைத்தாள். அழுத்தாமல், தொங்கவும் விடாமல். மூன்று தடவை அளந்தாள். மூன்றும் ஒன்றாக வந்தன. போனில் போட்டுப் பார்த்தால் இருபத்திரண்டு.

சுண்டு அவளைப் பார்த்தான், கையைப் பார்த்தான், விஷயம் புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். புதிதாக வந்த கட்டைக் குரல், சிரிப்பில் மட்டும் இன்னும் நடுவில் உடையும். "உன் விரல்ல இவ்வளவு கொழுப்பாக்கா?"

"அடிச்சுக்கோடா, என்னை நாலு அடி அடிச்சுக்கோ."

"அடிக்கறதுக்குத் தெம்பு வேணும். மொதல்ல சாப்பாடு போடு."

அம்மா தட்டை வைத்தாள். வைத்த வேகத்தில் அந்த டேப்பின்மேல் அவளுக்கிருந்த கோபம் மொத்தமும் தெரிந்தது.

சோதனைக்குப் பதினொரு நாள் இருந்தது. சுண்டு நன்றாகச் சாப்பிட்டான். மணல் மூட்டை இருபதுக்குத் திரும்பி, இருபத்திரண்டுக்குப் போனது.

அந்த நாள் அக்காவும் நிலையத்துக்குப் போனாள். தம்பிக்காக இல்லை, வேலையாக. டாக்டர் அறையில் தேறுகிறவர்கள் அப்படியே பக்கத்து அறைக்கு வந்து சீருடைக்கு அளவு கொடுக்க வேண்டும். அதுதான் அங்கே நடைமுறை. பக்கத்து அறையில் மேஜை போட்டு, டேப்பும் நாடாக் கட்டும் கத்திரியுமாக அக்கா உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு கதவு. கதவு திறந்தால் தேறின ஒருவன் வருவான். தேறாதவன் அந்தப் பக்க வாசல் வழியாகவே போய்விடுவான்.

முதல் ஆள் வந்தான். இரண்டாவது, மூன்றாவது. ஏழாவது ஆள் அளவு கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, "உனக்கு அடுத்தது யாரு உள்ள போனது?" என்று அக்கா ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"குள்ளமா, தோள் அகலமா ஒருத்தன். பொம்மை தூக்கறதுல என்னை முந்தினவன்."

சுண்டுதான் என்று அக்காவுக்குத் தெரிந்தது. நாடாவை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள். கதவு திறக்கவில்லை. கால் மணி நேரம் போனது. உள்ளே குரல் உயர்ந்தது. அதில் ஒன்று உடைகிற குரல்.

அக்கா எழுந்து கதவைத் தள்ளினாள். கேட்டால் கத்திரியைத் தேடி வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கத்திரி அவள் கையிலேயே இருந்தது.

உள்ளே சுண்டு வெறுங்காலோடு ஒரு மெஷின்மேல் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையிலும் பிடிகள். நர்ஸ் கையில் இரண்டு துண்டுச் சீட்டு. டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா நுழைந்ததும் திரும்பினாள். "நீங்க யாரும்மா?"

"அளவெடுக்கற ஆளு. இவனோட அக்கா."

"நல்லதாப் போச்சு. உட்காருங்க. உங்க தம்பிக்கு ரெண்டு நிமிஷத்துல பன்னெண்டு குறைஞ்சிருக்கு."

நடந்தது இதுதான். மெஷின் காலிலிருந்து கைக்குச் சின்னதாக ஒரு மின்சாரம் அனுப்பும், அது ஓடுகிற விதத்தை வைத்துக் கொழுப்பைச் சொல்லும். அதற்கு முன்னால் வயதையும் உயரத்தையும் கேட்டுவிட்டு, ஆணா பெண்ணா என்று கேட்கும். சுண்டுவின் பழைய மருத்துவக் கோப்பில் பெண் என்று இருந்தது. நர்ஸ் அதைப் பார்த்து அந்தப் பொத்தானை அமுக்கினாள். முப்பத்தொன்று வந்தது. சுண்டு, என் அடையாள அட்டையில் ஆண் என்று இருக்கிறது, அதை அமுக்குங்கள் என்று குரல் உயர்த்தினான். அமுக்கினாள். பத்தொன்பது வந்தது. அதே ஆள், அதே வெறுங்கால்.

"எதை டாக்டர் எழுதறது?" என்றாள் நர்ஸ். "வேணும்னா ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கிடலாம். இருபத்தஞ்சு வருது."

"இருபத்தஞ்சுன்னா பெயிலு" என்றாள் டாக்டரம்மா.

டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். கெட்ட மனுஷி இல்லை. காலையிலிருந்து நாற்பது நெஞ்சில் குழாய் வைத்துக் களைத்திருந்தாள். "இங்க பாருப்பா. உன் அட்டையில ஆண்னு இருக்கு. சட்டப்படி நீ ஆண். பத்தொன்பதுன்னு எழுதிடறேன். கையெழுத்துப் போட்டுட்டுப் பக்கத்து ரூமுக்குப் போ."

அக்காவின் மனசு கதவுப் பக்கம் ஓடியது. போடா, போ. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்து நிற்கிறது. வாய் திறக்காமல் வா.

சுண்டு மெஷினைவிட்டு இறங்கவில்லை. "எனக்கும் ஆசைதான் டாக்டர். அந்தப் பொத்தானை அமுக்குங்கன்னு கத்தினதே நான்தான். ஆனா அந்த எண்ணு என்னோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

"எனக்கு ஊசி போடற டாக்டர் சொல்லியிருக்காரு. மெஷின் கொழுப்பைப் பார்க்கறதில்லையாம். உடம்புத் தண்ணியில கரண்டு எப்படி ஓடுதுன்னு பார்த்துட்டு, ஆம்பளைன்னா இவ்வளவு இருக்கும், பொம்பளைன்னா இவ்வளவு இருக்கும்னு ஊகம் பண்ணுதாம். அந்த ஊகத்துக்கு அளந்து வச்ச கூட்டத்துல என்னை மாதிரி ஊசி போட்டு உடம்பு மாறிக்கிட்டு இருக்கறவன் ஒருத்தன்கூட இல்லையாம். நான் ஆம்பளைங்கறதுல எனக்குச் சந்தேகம் இல்ல டாக்டர். என் கொழுப்பு பத்தொன்பதுங்கறதுலதான் சந்தேகம்."

"நல்ல பதில் வருதுல்ல, வாங்கிக்கயேன்" என்றாள் நர்ஸ்.

"வாங்கிக்கிட்டா, என்னைக்காவது ஒருத்தன் சொல்லுவான், இவன் பொத்தான் மாத்தி உள்ள வந்தவன்னு. நான் பொம்மையைத் தூக்கி வந்தவன் சிஸ்டர். உங்க விதியில அஞ்சாவது பக்கத்துல இருக்கு. சந்தேகம் வந்தா பெரிய ஆஸ்பத்திரியில படுக்க வச்சு ஸ்கேன் எடுக்கணும்னு. அது எலும்பு, தசை, கொழுப்பு மூணையும் தனித்தனியாப் பார்க்குமாம். ஊகம் கம்மி. அதை எடுங்க. அது சொல்றது எதுவானாலும் ஒத்துக்கறேன்."

எதுவானாலும். அந்த ஒரு வார்த்தையை அக்கா பிடித்துக்கொண்டாள். இருபத்தைந்து என்று வந்தால்? வயது முடிந்தது, வழி முடிந்தது. கைக்கு எட்டியதை வாய்க்குப் போகாமல் தானே தட்டிவிடுகிறானே. அவனைப் பார்த்தாள். மெஷின்மேல் நின்றதால் வழக்கத்தைவிட அரையடி உயரமாகத் தெரிந்தான். தலை குனியவில்லை. அந்த நிமிஷத்தில் அவளுக்குப் பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பயத்தை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு வேறொன்று முன்னால் வந்து நின்றது.

"டாக்டரம்மா, நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றாள்.

"சொல்லுங்க."

"எங்க கூடத்துல சுவத்துல ரெண்டு அட்டை தொங்குது. ஆம்பளை அளவு ஒண்ணு, பொம்பளை அளவு ஒண்ணு. பஸ் ஓட்டறவங்களுக்கு அதைப் பார்த்து வெட்டிடுவேன். இந்த நிலையத்துக்கு மட்டும் அட்டையை நம்பாதேன்னு உங்க ஆபீசரு சொல்லியிருக்காரு. அதுக்குத்தான் இந்தப் பக்கத்து ரூம்ல டேப்போட உட்கார்ந்திருக்கேன். சட்டைக்கே ஆளைப் பார்த்து அளக்கற இடத்துல, ஆளுக்கு அட்டையைப் பார்த்து எழுதுவீங்களா?"

டாக்டரம்மா நர்ஸிடமிருந்து இரண்டு துண்டுச் சீட்டுகளையும் வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கோப்பில் குத்தினாள். அதன் கீழே ஸ்கேனுக்கு எழுதினாள். "அக்காவும் தம்பியும் பேசியே ஆளைத் தூக்கிடுவீங்க போல. நாளைக்குக் காலையில ஏழு மணிக்குப் போயிடணும். வெறும் வயிறு. இன்னைக்கு இனிமே ஓடறது, தூக்கறது ஒண்ணும் கூடாது."

"தண்ணி?"

"எப்பவும் குடிக்கற அளவு. வேணும்னு குறைக்காதே. குறைச்சா அதுவும் பொய்தான் சொல்லும்."

கதவு அன்று அவனுக்காகத் திறக்கவில்லை. சுண்டு அந்தப் பக்க வாசல் வழியாகவே போனான். அக்கா திரும்பிப் போய் எட்டாவது ஆளுக்கு அளவெடுத்தாள். அவனுக்கு இடுப்பில் இரண்டு விரலுக்குப் பதில் மூன்று விரல் போய்விட்டது. திரும்ப எடுத்தாள்.

ஸ்கேன் அறைக்குள் அவளை விடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நீளமான மெத்தைப் பலகையில் சுண்டு மல்லாக்கப் படுத்திருந்தான். மேலே ஒரு கை மாதிரி ஒன்று தலையிலிருந்து கால்வரை மெதுவாக நகர்ந்தது. துணி விரித்து அதன்மேல் அளவுகோல் தள்ளுகிற மாதிரியேதான் இருந்தது அவளுக்கு. யாரும் அவனை விரலால் தொடவில்லை. பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

முடிவை நிலையத்துக்கே அனுப்புவோம் என்றார்கள். அன்று முழுக்கக் கூடத்தில் அக்கா வெட்டின துணியை வெட்டினாளா, வெட்டாத துணியை வெட்டினாளா என்று அவளுக்கே தெரியாது. காஜாக்காரி வழக்கத்துக்கு விரோதமாக வாயை மூடிக்கொண்டு இருந்தாள். அதுவே பயமாக இருந்தது.

நாலு மணிக்குச் சுண்டு கூடத்துக்குள் வந்தான். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவன் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நேராக அக்காவின் மேஜைக்கு வந்து ஒரு தாளை வைத்தான். படிக்கத் தெரிந்தவள்தான். ஆனால் எழுத்துகள் அப்போது அவளை விட்டு ஓடிக்கொண்டிருந்தன.

"நீயே படி."

"கொழுப்பு நூத்துக்கு இருபத்திமூணு."

"அஞ்சு இல்லையே?"

"மூணு."

"நம்ம டேப்பு இருபத்திரண்டுன்னுச்சு."

"டேப்பும் ஊகம்தானக்கா. அது ஒரே ஒரு எண்ணுதான் பிசகு. மெஷின் மேல அஞ்சு, கீழ எட்டு."

அக்காவுக்கு அந்தக் கணக்குப் போட ஒரு நிமிஷம் பிடித்தது. பத்தொன்பது, இருபத்துமூன்று, முப்பத்தொன்று. கீழே நாலு, மேலே எட்டு. "ஏய், கீழ நாலுடா. அஞ்சு இல்ல" என்றாள். "மேல கீழவும் மாத்திச் சொல்றே."

"பாஸ் பண்ணின சந்தோஷத்துல கணக்கு மறந்துபோச்சு. அளவெடு. ஆபீசரு அனுப்பினாரு. எல்லாரும் கொடுத்தாச்சு, நான் ஒருத்தன்தான் பாக்கி."

கூடத்தில் யாரோ மேஜையைத் தட்ட ஆரம்பித்தார்கள். கத்திரி, ஊசிப்பெட்டி, அளவுகோல் என்று கையில் கிடைத்ததை வைத்து எல்லோரும் தட்டினார்கள். காஜாக்காரி வாய்க்குப் போட்டிருந்த பூட்டு திறந்துகொண்டது. "எங்க கூடத்து அளவுல தேறாதவன் இந்த ஊர்லயே இல்லடி! தம்பி, எண்பது கிலோ பொம்மையைத் தூக்கினியாமே. உங்க அக்காவைத் தூக்கு பாப்போம்."

"அக்கா எவ்வளவு இருக்கும்?"

"அதை மட்டும் எந்த மெஷின் கிட்டயும் கேட்காதே. வெடிச்சுடும்."

அக்கா இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே மேஜைமேல் இருந்த கட்டிலிருந்து ஒரு புது நாடாவை உருவினாள். கழுத்தை ஒட்டப் பிடித்து ஒரு நறுக்கு. மார்புக்கு இரண்டு. தோளுக்கு வந்தபோது டேப்பை இரண்டு தடவை வைத்துப் பார்த்தாள். தப்பு இல்லை, அவ்வளவு அகலம்தான். இடுப்புக்கு வந்தாள். டேப் முன்னால் சேர்ந்ததும் விரல்கள் இரண்டும் உள்ளே நுழைந்தன. இந்தத் தடவை அவளைக் கேட்டுக்கொண்டுதான் நுழைந்தன.

சுண்டு குனிந்து பார்த்தான். "அக்கா! விரலு!"

"சும்மா நில்லுடா. காலையில உன் கொழுப்பை அளந்தாங்க. இப்ப நான் உன் சீருடைக்கு அளக்கறேன். நாளைக்கு எவனையோ தோள்ல தூக்கிட்டு நெருப்புலேர்ந்து வெளிய வரணும். அப்ப குனியணும், மூச்சு வாங்கணும். அதுக்கு இந்த ரெண்டு விரலு."

மூன்று நறுக்கு நறுக்கினாள். அதற்குள் வாசல் பக்கம் ஒரு குரல் கேட்டது. அம்மா. யார் சொல்லி வந்தாளோ, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தாள். காவலாளி அவளை உள்ளே விடாமல் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"என் பையனைப் பார்க்கணும்" என்றாள் அம்மா, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "தீயணைப்புல வேலை கிடைச்சிருக்கு. அளவு கொடுக்க வந்திருக்கான்."

அக்காவின் கையிலிருந்த கத்திரி ஒரு கணம் நின்றது. சுண்டு அசையவில்லை. அசைந்தால் அளவு கெட்டுப்போகும் என்று அவனுக்குத் தெரியும். கண் மட்டும் வாசலுக்குப் போனது.

"மூச்சை அடக்காதே, விடு" என்றாள் அக்கா. அவன் விட்டான். அவள் நான்காவது நறுக்குக்கு டேப்பை இறக்கினாள்.